கண் ஒப்பனைக்கு ஓவியப் பிரஷ்: எது பொருந்தும், எது பொருந்தாது?

மாசி மாதம் நெருங்கினால் டெல்டாவின் நாட்டிய ஆசிரியர்கள் வீட்டில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். மகா சிவராத்திரியை ஒட்டித் தஞ்சைப் பெரிய கோயிலிலும், மயிலாடுதுறை மாயூரநாதர் கோயிலிலும், கொள்ளிடம் தாண்டிச் சிதம்பரத்திலும் நாட்டியாஞ்சலி. அதற்கு முன்னும் பின்னும் சலங்கை பூஜை, அரங்கேற்றம், பள்ளி ஆண்டு விழா. நாட்டிய ஒப்பனையில் கண்ணுக்குத்தான் முதல் மரியாதை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் விழி போகும் திசை தெரிய வேண்டும். அந்தக் கண்ணை எழுதுவதற்கான பிரஷ் செட்டின் விலையைக் கேட்டதும் அம்மாக்களில் ஒருவர் தவறாமல் கேட்பார்: "டீச்சர், பையனுடைய டிராயிங் பிரஷ் வீட்டில் இருக்கிறது. அது போதாதா?"

இதற்கு ஊரில் இரண்டு பதில்கள் புழங்குகின்றன. எல்லாம் ஒரே பிரஷ்தான், மேக்கப் என்று எழுதிவிட்டால் விலை ஏறிவிடுகிறது என்பது ஒன்று. ஓவியப் பிரஷ் இமையில் பட்டாலே கண் கெட்டுவிடும் என்பது மற்றொன்று. இரு தரப்பும் அடித்துப் பேசுகிறார்கள். காரணம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். என் கணக்கு வேறு. கண்ணுக்கு வேண்டிய பிரஷ்களில் பெரும்பாலானவற்றை ஸ்டேஷனரி கடையிலேயே வாங்கிவிடலாம். ஒன்றே ஒன்றை மட்டும் மேக்கப் பிரஷ்ஷாகவே வாங்குவது நல்லது. எது எந்தக் கடையில் என்பதைப் பிரஷ் வேலை செய்யும் விதம் தெரிந்தால் நீங்களே பிரித்துவிடுவீர்கள். பையனுடைய பழைய பிரஷ் மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

## செய்கிற கை ஒன்றுதான்

ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்தில் குமானோ என்றொரு சிறு நகரம் இருக்கிறது. எழுத்துக்கலைத் தூரிகைகளால் பெயர் பெற்ற ஊர். அங்கே அதே தொழில்தான் எழுத்துத் தூரிகை, ஓவியத் தூரிகை, மேக்கப் பிரஷ் என்று மூன்றாகக் கிளை விட்டிருக்கிறது. 2011-ல் பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்தை வென்ற ஜப்பான் அணிக்கு அந்த நாட்டு அரசு பரிசாகக் கொடுத்தது குமானோவின் மேக்கப் பிரஷ்களைத்தான். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கும் பழைய தூரிகை நகரம். அங்குள்ள டா வின்சி நிறுவனம் ஓவியருக்கும் செய்கிறது, ஒப்பனைக்காரருக்கும் செய்கிறது.

ஆகவே மேக்கப் பிரஷ் என்பது தனிச் சாதியில்லை. முடியைப் பிரித்து, நுனி ஒன்றுபோல் நிற்கும்படி அடுக்கி, கட்டி, பசை வைத்துக் காம்பில் ஏற்றுவது இரண்டுக்கும் பொதுவான வேலை. எந்த முடி, எவ்வளவு நீளம், எவ்வளவு நெருக்கம் என்பதை மட்டும் வேலைக்குத் தக்கபடி மாற்றுகிறார்கள். வேறுபாட்டை அங்கேதான் தேட வேண்டும், அட்டையில் அச்சடித்த பெயரில் தேடிப் பயனில்லை.

## பிரஷ்ஷின் உறுப்புகள்

கைப்பிடியைக் காம்பு என்று வைத்துக்கொள்வோம். காம்பையும் முடியையும் இறுக்கிப் பிடிக்கும் உலோகக் குழாய்க்கு இந்தக் கட்டுரையில் பூண் என்று பெயர். உலக்கையின் முனையில் இருப்பதற்கும் அதே பெயர்தான். பூணுக்கு உள்ளே, வெளியே தெரியாமல், முடிக்கட்டின் அடிப்பகுதி பசையில் பதிந்திருக்கும். பூணுக்கு வெளியே முடி சற்றே புடைத்திருக்கும் நடுப்பகுதி வயிறு. கடைசியில் நுனி.

நான்கே சொற்கள். இவற்றில் நுனியும் வயிறும் இமையில் என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. பூணும் காம்பும் பிரஷ் எத்தனை நாள் உழைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

## துடைப்பத்திலிருந்து தொடங்குவோம்

கூடத்தைப் பெருக்கப் பூந்துடைப்பம் வைத்திருக்கிறோம், வாசலைப் பெருக்கத் தென்னந்துடைப்பம். இரண்டையும் மாற்றிப் பிடித்தால் என்ன ஆகும் என்று எல்லா வீட்டிலும் தெரியும். ஈர்க்குக் கட்டு மொசைக் தரையின் நுண்ணிய தூசியை விட்டுவிட்டுக் கோடு இழுக்கும். பூந்துடைப்பம் வாசலின் ஈர மண்ணைக் கண்டதும் மடங்கிப் படுத்துவிடும். பூந்துடைப்பத்தின் நுனி பஞ்சாகப் பிரிந்து தரையோடு படிகிறது. ஈர்க்கு தனித்தனியாக விறைத்து நிற்கிறது. இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். தேய்ந்து குட்டையான தென்னந்துடைப்பம் புதியதைவிட முரட்டுத்தனமாக இருக்கும். கிணற்றடிப் பாசியைத் தேய்க்க அதைத்தான் எடுப்பார்கள். ஈர்க்கு மாறவில்லை, நீளம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிரஷ் முடிக்கும் இதே விதிதான். இயற்பியல் இதற்குத் துல்லியமான கணக்கு வைத்திருக்கிறது. ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்ட மெல்லிய இழையின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், அதே அழுத்தத்துக்கு அது எட்டு மடங்கு வளையும். இழையின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு பதினாறு மடங்காகும். முடியில் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் இமைக்குத் தெரிந்துவிடுவது இதனால்தான். இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். கன்னம் பொறுத்துக்கொள்ளும் முரட்டுத்தனத்தை இமை பொறுக்காது.

எண்ணெய் வண்ணத்துக்கென விற்கும் வெள்ளைப் பன்றிமுடிப் பிரஷ்ஷை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். தடித்த முடி, குட்டை நீளம். வெண்ணெய்போல் கெட்டியான வண்ணத்தைத் துணியில் தள்ளுவதற்காகச் செய்தது. அதற்கு அது அருமையான கருவி. கண் அருகே அதற்கு வேலையே இல்லை. ஓவியப் பிரஷ் கண்ணைக் குத்தும் என்று பயமுறுத்துபவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வகையைத் தொட்டுப் பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். மென்மை என்பது முடியின் தடிமன், நீளம், நுனி ஆகிய மூன்றும் சேர்ந்து தருவது. கடையின் பெயரோ விலையோ அதைத் தருவதில்லை.

## ஈர வேலை, உலர் வேலை

விஷயத்தின் உயிர்நாடி இங்கே இருக்கிறது. ஓவியப் பிரஷ் நனைந்த நிலையில் வேலை செய்வதற்காகப் பிறந்தது. கண் ஒப்பனையில் பாதி வேலை ஈரத்தில் நடக்கிறது, பாதி வேலை உலர் தூளில் நடக்கிறது.

முடியை வட்டமாகக் கட்டிக் கூர்நுனியில் முடித்த ரவுண்ட் பிரஷ் ஒன்றைத் தண்ணீரில் தோய்த்து எடுங்கள். கலைந்து நின்ற முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஊசிபோல் குவியும். குவிப்பது தண்ணீரின் பரப்பு இழுவிசை. அதாவது, தன் மேற்பரப்பைச் சுருக்கிக்கொள்ளத் தண்ணீர் காட்டும் முனைப்பு. முடிகளுக்கு இடையிலுள்ள நூலளவு சந்துகளில் தண்ணீர் தானாக ஏறித் தங்குவதற்குப் பள்ளிப் புத்தகத்தில் நுண்புழை ஏற்றம் என்று பெயர். வயிறு தண்ணீர்த் தொட்டி, நுனி அதன் குழாய். நுனி தாளைத் தொட்டதும் வயிற்றிலுள்ளது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நல்ல ரவுண்ட் பிரஷ் ஒரே இழுப்பில் நீளமான கோட்டை அறுந்துபோகாமல் போடுவது இந்த இரண்டு விசைகளின் தயவில்தான்.

இப்போது அதே பிரஷ்ஷை உலர்ந்த நிலையில், இமைக்கு நிறம் பூசும் ஐஷேடோ தூளில் தொடுங்கள். குவிப்பதற்குத் தண்ணீர் இல்லை. முடிகள் அவரவர் வழியில் நிற்கின்றன. தூள் ஏறிப் போகச் சந்துகளில் எந்த இழுப்பும் இல்லை. முடிகளுக்கு நடுவே சிக்கினால் உண்டு, முடியின் சொரசொரப்பில் ஒட்டினால் உண்டு. இமையில் வைத்ததும் தூள் முழுவதும் ஒரே இடத்தில் இறங்கும், அல்லது கன்னத்தில் கொட்டும். எவ்வளவு நல்ல ஓவியப் பிரஷ்ஷாக இருந்தாலும் அதன் மேல் குறை சொல்ல முடியாது. அதற்குத் தெரியாத வேலையை நாம் கொடுத்திருக்கிறோம்.

உலர்தூளை மங்கலாகப் பரப்புவதற்கு வேறு விதமான தலை வேண்டும். முடி மெல்லியதாகவும் ஓரளவு நீளமாகவும் இருக்க வேண்டும். அடர்த்தி தளர்ந்து, நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்து குவிமாடம்போல் இருக்க வேண்டும். அப்போதுதான் நடுவில் தூள் கூடுதலாகவும் ஓரத்தில் குறைவாகவும் படிந்து, நிறம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் கரையும். இப்படிக் கரைக்கிற வேலையைத்தான் ஒப்பனைக்காரர்கள் பிளெண்டிங் என்கிறார்கள். ஓவியக் கடையின் ஃபிளாட் பிரஷ் இதற்கு நேர் எதிராகச் செய்யப்பட்டது: முடி நெருக்கம், ஓரம் கத்தி வெட்டாக நேர்க்கோடு. விளிம்பு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே அதன் பெருமை.

ஆக, ஒரு பிரஷ் கண்ணுக்கு ஆகுமா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, செய்யப்போவது ஈர வேலையா உலர் வேலையா என்பதை. ஐலைனர், ஜெல் மை, கிரீம் ஷேடோ, புருவத்துக்கான மெழுகுப் பசை ஆகியவை ஈர வேலை; ஓவியப் பிரஷ் தைரியமாக வரலாம். தூளை அழுத்தி ஒட்டுவது நடுவில் நிற்கும் வேலை. சில வடிவங்கள் செய்யும். தூளைக் கரைப்பது முழு உலர் வேலை. அங்கே மேக்கப் பிரஷ்தான் ராஜா.

## கடையில் எதைக் கேட்பது

ஐலைனருக்கு ரவுண்ட். இங்கே எல்லோரும் ஒரே தப்பான திசையில் போகிறார்கள்: மெல்லிய கோடு வேண்டும் என்பதற்காக இருப்பதிலேயே மெல்லிய, மூன்று பூஜ்யம் (000) போட்ட பிரஷ்ஷைக் கேட்கிறார்கள். அதற்கு வயிறு கிடையாது. இமையின் பாதி தூரம் போவதற்குள் மை தீர்ந்து கோடு அறுந்துவிடும். திரும்பத் தொட்டு ஒட்டுப்போட்டால் கோடு தடிக்கும். கோட்டின் மெலிவு நுனியிலிருந்து வருகிறது, எண்ணிலிருந்து வருவதில்லை. நுனி நன்றாகக் குவிகிற 1 அல்லது 2-ஆம் எண் ரவுண்ட் மெல்லிய கோட்டையும் போடும், கொஞ்சம் அழுத்தினால் பரதநாட்டியத்துக்கு வேண்டிய, பொட்டுப்பக்கம் வரை நீண்டு தடிக்கும் வாலையும் போடும். தண்ணீர் தொட்டுக் குழைக்கும் கட்டி மையை நாட்டிய ஒப்பனைக்காரர்கள் பலர் பயன்படுத்துகிறார்கள். அது இயங்கும் விதமும் பள்ளிப் பிள்ளையின் வாட்டர் கலர் கட்டி இயங்கும் விதமும் ஒன்றே. அதற்கு வாட்டர் கலர் பிரஷ்ஷைவிடப் பொருத்தமான கருவி மேக்கப் கடையிலும் கிடைக்காது என்பது என் எண்ணம்.

எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எண் கூடினால் பருமன் கூடும் என்பது மட்டும்தான் பொது விதி. ஒரு கம்பெனியின் 2 இன்னொரு கம்பெனியின் 1 ஆக இருக்கலாம். கண்ணால் பார்த்து வாங்குங்கள். ரிக்கர் என்ற பெயரில் மிக நீண்ட மெல்லிய முடி உள்ள பிரஷ்ஷும் கிடைக்கும். கப்பலின் கயிறுகளை வரைவதற்கென்று வந்தது. முன்பு பார்த்த நீளக் கணக்குப்படி அது கை நடுக்கத்தை எல்லாம் பெரிதாக்கிக் காட்டும். புதியவர்கள் அதை விட்டுவிடலாம்.

புருவத்துக்கும் ஐலைனரின் கூர்மையான வாலுக்கும் ஆங்குலர், அதாவது சாய்வாக வெட்டிய ஃபிளாட். கால் அங்குலம் அல்லது அதற்கும் குறைந்த அகலம். மேக்கப் கடையில் விற்கும் புருவப் பிரஷ்ஷையும் இதையும் அருகருகே வைத்தால் காம்பின் நிறம் தவிர வேறு வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஏமாற்றமே இல்லாத மாற்று இதுதான்.

ஷேடோவை இமையில் அழுத்தி ஒட்ட ஃபில்பர்ட். ஃபிளாட் பிரஷ்ஷின் இரு மூலைகளையும் உருட்டி, நாக்கு நுனிபோல் வளைவாக்கினால் அதுதான் ஃபில்பர்ட். இமையின் வளைவுக்கு அது நன்றாக உட்காரும். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பிரஷ்ஷை லேசாக ஈரமாக்கிக்கொண்டால் மினுமினுப்புத் தூள்கூடக் கொட்டாமல் ஒட்டும். உலர் வேலையை நாம் ஈர வேலைப் பக்கம் இழுத்துவிட்டோம். கருவளையத்தை மறைக்கும் கன்சீலருக்கும் இதே பிரஷ் போதும்.

விசிறிபோல் விரிந்த ஃபேன் பிரஷ், கன்னத்தில் கொட்டிய தூளைத் தட்டிவிட உதவும். மென்மையான முடியா என்று மட்டும் பாருங்கள். ஃபேனிலும் பன்றிமுடி வருகிறது.

பிளெண்டிங்குக்கு வாட்டர் கலர்க்காரர்கள் பயன்படுத்தும் மாப் என்ற பஞ்சுபோன்ற பிரஷ் ஓரளவு ஈடு செய்யும். ஆனால் இமை மடிப்புக்கு ஏற்ற சின்ன அளவில் நல்ல மாப் கிடைத்தால் அதன் விலையே மேக்கப் பிரஷ்ஷின் விலையைத் தொட்டுவிடும். சிக்கனத்துக்காகத்தானே இந்தப் பாடு? மிச்சம் பிடித்த பணத்தை இந்த ஒன்றில் போட்டு நல்ல பிளெண்டிங் பிரஷ்ஷாக வாங்கிவிடுங்கள்.

## முடியா, நைலானா

விலங்கு முடியின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தூளும் தண்ணீரும் அதில் பிடித்துக்கொள்ளும். நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை வழவழப்பானது; தூளைப் பிடிப்பதில் சற்றுச் சோம்பல், ஆனால் கிரீமையும் ஜெல்லையும் உறிஞ்சிக்கொள்ளாமல் அப்படியே இமைக்குக் கொடுத்துவிடும், கழுவுவதும் எளிது. நைலான் சந்தைக்கு வந்ததே பிரஷ் வழியாகத்தான்: 1938-ல் அமெரிக்காவில் பல் துலக்கும் பிரஷ்ஷின் இழையாக. ஈர வேலைக்கே ஓவியப் பிரஷ்ஷை வாங்குகிறோம் என்பதால், பொன்னிறச் செயற்கை இழைப் பிரஷ்ஷையே எடுங்கள் என்பேன். விலையும் குறைவு; ஒரு சின்ன ரவுண்ட் சில பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

"ஒட்டக முடி" என்று சொல்லி விற்பதில் ஒட்டகத்தின் முடி இருப்பதில்லை. அணில், ஆடு, குதிரைக்குட்டி என்று ஏதாவது ஒன்றோ பலவோ கலந்திருக்கும். இது பழைய வியாபார வழக்கம், ஆபத்தில்லை. கீரிமுடிப் பிரஷ் அப்படியல்ல. விறைப்பும் கூர்மையும் சேர்ந்தது என்று ஓவியர்கள் ஒரு காலத்தில் தேடி வாங்கியது உண்மைதான். ஆனால் கீரி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் முடியில் செய்த பிரஷ்ஷை விற்பது குற்றம். 2019-ல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பணியகம் 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்ற பெயரில், பிரஷ் தொழிலுக்குப் பெயர் பெற்ற உத்தரப் பிரதேசத்தின் ஷேர்கோட் உள்ளிட்ட இடங்களில் சோதனை நடத்தியது. கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு "கீரிமுடி இருக்கிறது, தரட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

## வாங்கும் இடத்தில் சோதிப்பது

தஞ்சாவூரில் ஓவியத் தொழில் உயிரோடு இருப்பதால் பிரஷ்ஷுக்குப் பஞ்சமில்லை. சின்ன ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனரி கடைதான் கதி, அதுவும் போதும்.

சிலர் பிரஷ்ஷை நாக்கில் தொட்டு நுனி பார்ப்பார்கள். உங்களுக்கு முன்னால் வந்தவரும் அப்படித்தான் பார்த்திருப்பார் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த ஆசை போய்விடும். ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டு வாங்குங்கள். ரவுண்ட் பிரஷ்ஷை நனைத்து உதறினால் ஒரே நுனியாகக் குவிய வேண்டும். பாம்பின் நாக்காகப் பிளந்தால் திருப்பி வையுங்கள். பிறகு மணிக்கட்டின் உள்பக்கத்தில் நுனியை லேசாக அழுத்தி வட்டமாகச் சுற்றுங்கள். சுருக்கென்று ஒரு முள் தெரிந்தாலும் இமைக்கு ஆகாது. நல்ல பிரஷ்ஷில் முடியின் நுனி இயற்கையாகவே சன்னமாகி முடியும். மலிவான சரக்கில் வடிவம் வர வேண்டும் என்பதற்காக நுனியைக் கத்தரித்துவிடுவார்கள். வெட்டுப்பட்ட மழுங்கிய முனைதான் குத்துவது. மேக்கப் பிரஷ் என்ற பெயரில் வரும் மலிவுச் செட்டுகளிலும் இந்தக் கோளாறு தாராளமாக உண்டு.

பூணைப் பிடித்துக் காம்பை ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. முடியை மெதுவாக இழுத்துப் பாருங்கள், கையோடு வரக் கூடாது. கண்ணுக்குள் விழும் ஒற்றை முடி எடுப்பதற்குள் மை முழுவதும் கலைந்துவிடும்.

புதிய பிரஷ் சில சமயம் குச்சிபோல் விறைத்திருக்கும். பயணத்தில் வடிவம் கலையாமலிருக்கப் பசையில் தோய்த்து அனுப்புகிறார்கள். அது பிரஷ்ஷின் குணமில்லை. வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் துளி ஷாம்பு விட்டு உள்ளங்கையில் சுற்றிச் சுற்றிக் கழுவுங்கள். தண்ணீரில் வழவழப்பு வராமல் போகும் வரை கழுவினால் பசை போய்விட்டது என்று பொருள்.

## நீளக் காம்பின் தொல்லை

எண்ணெய் வண்ணத்துக்கும் அக்ரிலிக்குக்கும் ஆன பிரஷ்களின் காம்பு நீளமானது. ஓவியர் தள்ளி நின்று வரைய வேண்டும் அல்லவா? கண்ணாடி முன் நின்று சுயமாக மை தீட்டுபவருக்கு அது கண்ணாடியில் இடிக்கும். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் உடுத்திக்கொண்டிருக்கும் சந்தடியில் யாராவது ஒருவர் அந்தக் காம்பின் பின்முனையில் மோதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓவியப் பிரஷ்ஷால் கண்ணுக்கு உண்மையான ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது இதுதான், யாரும் இதைப் பேசுவதில்லை. வாட்டர் கலர் பிரஷ்களின் காம்பு குட்டையானது, அதையே வாங்கலாம். நீளமானது கையில் இருந்தால் சின்ன ரம்பத்தால் அறுத்து, உப்புக்காகிதத்தால் தேய்த்து, அறுத்த முனைக்கு நிறமற்ற நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள். ஈரம் மரத்துக்குள் இறங்காது.

## பிரஷ்ஷை மாற்றலாம், வண்ணத்தை மாற்றக் கூடாது

ஓவியப் பிரஷ் ஆகும் என்றால் ஓவிய வண்ணமும் ஆகும் என்று சிலர் தாவிவிடுகிறார்கள். போஸ்டர் கலரோ அக்ரிலிக்கோ கைவினைக் கடை ஜிகினாவோ இமைக்கு ஆகாது. ஓவிய வண்ணங்கள் சிலவற்றில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்களின் சேர்மங்கள் நிறமிகளாக இருக்கின்றன. தாளில் இருக்கும் வரை அவற்றால் யாருக்கும் தொல்லை இல்லை. ஜிகினாவின் கூர்முனை விழியின் மேல்படலத்தைக் கீறிவிடும்.

வண்ணம் தொட்ட பிரஷ் கண்ணுக்கு வேண்டாம் என்பதும் இதே காரணத்தால்தான். எவ்வளவு கழுவினாலும் பூணுக்குள் இறங்கிய நிறமி அங்கேயே உலர்ந்து கிடக்கும். ஈரம் பட்டதும் கரைந்து வரும். பையனுடைய பிரஷ் பையனிடமே இருக்கட்டும். கண்ணுக்குப் பயன்பட்டுத் தேய்ந்த பிரஷ்ஷை ஓவியத்துக்குக் கொடுப்பதில் தடையில்லை. எதிர்த் திசையில் போகக் கூடாது.

## ஆளுக்கொரு பிரஷ்

பணம் மிச்சமாகிறது என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படும் ஒரு லாபம் உண்டு. பள்ளி விழாவில் ஒரே ஐலைனர் பிரஷ் வரிசையாக எல்லாப் பிள்ளைகளின் இமையிலும் போய் வருகிறது. மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் இதைவிட வசதியான வாகனம் அதற்குக் கிடைக்காது. அந்த நோய் பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது, அந்த வைரஸ் பொருள்களின் மேல் பல நாள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. ஒரு நல்ல மேக்கப் பிரஷ்ஷின் விலையில் ஒன்றாம் எண் ரவுண்ட் பிரஷ்களைக் கொத்தாக வாங்கிவிடலாம். காம்பில் மார்க்கரால் பெயர் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

மீதிப் பாதி மைக்கட்டியில் இருக்கிறது. தனித்தனி பிரஷ்ஷை ஒரே கட்டியில் தோய்த்தால் செய்ததெல்லாம் வீண். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டிய மையைக் கத்தி முனையால் சுரண்டிச் சின்ன எவர்சில்வர் தட்டில் எடுத்துக் குழைத்துக்கொள்ளுங்கள். தட்டைக் கழுவ ஒரு நிமிடம் போதும். கண் சிவந்திருக்கும் பிள்ளைக்கு அன்று கண் ஒப்பனையே வேண்டாம். அம்மா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஸ்பிரிட் என்று விற்கும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பிரஷ்ஷில் தெளிப்பது பாக்டீரியாவுக்கு உதவும், ஆனால் அடினோ வைரஸுக்கு அதை நம்பிக்கொண்டிருக்க முடியாது. தெளித்தால் முற்றிலும் உலர்ந்த பிறகே கண் அருகே கொண்டுபோக வேண்டும். விலங்கு முடிக்கு அடிக்கடி தெளித்தால் முடி வறண்டு முறியும்.

## அடைமழைக் காலத்தில்

கழுவிய பிரஷ்ஷைத் தலை மேலே தெரிய டம்ளரில் நிறுத்தி வைக்கிறார்கள். தண்ணீர் இறங்கிப் பூணுக்குள் தேங்கும், பசை இளகும், மரம் ஊதிச் சுருங்கும், ஒரு நாள் பூண் கையோடு கழன்று வரும். மேசை விளிம்பில் முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்க வைத்து உலர்த்துங்கள். காற்று நாலா பக்கமும் படும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு ரவுண்ட் பிரஷ் உள்ளே வரை உலர ஒரு முழு நாள் ஆகிவிடலாம். மின்விசிறிக் காற்றில் வையுங்கள், அடுப்பு மேடையில் வேண்டாம். வெளியே உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் பூணை ஒட்டிய முடியை விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே ஜில்லென்று இருந்தால் டப்பாவில் போட்டு மூடக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வாடை வந்த பிரஷ், பூணில் துருப் பிடித்த பிரஷ், நனைத்தும் நுனி சேராத பிரஷ் ஆகியவற்றைத் தயங்காமல் விலக்கிவிடுங்கள். கழுவுவதைப் பொறுத்தவரை ஐலைனர் பிரஷ்ஷுக்கு ஒவ்வொரு முறையும், தூள் பிரஷ்ஷுக்கு வாரம் ஒரு முறை.